மெம்பர்கள் குடித்த தண்ணீர்

ஊர் தூங்குவதற்காக ஒருவன் தூங்காமல் கிடப்பதுதான் இராக்காவல். அதுவும் அரசாங்கப் பயணியர் பங்களாவில் என்றால், சட்டசபை மெம்பர்கள் வந்து இறங்கும்போது பகலில் கரண்டியும் கைக்கு வந்துவிடும். பகல் தூக்கத்தைப் பறிகொடுத்த சக பாவிகளுக்குச் சொன்னால் புரியும். எனக்கு அந்தப் பாக்கியம் சாயல்குடிக்குக் கிழக்கே, கடலோரத்தில் வாய்த்தது.

வண்டியில் வந்த தண்ணீர்

எங்கள் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான். குழாய் ஒன்று கேட்டு மனுக் கொடுத்தோம். எழுதியவன் நான். மெம்பர்கள் போட்டுவிட்டுப் போகும் பழைய பேப்பரைப் படித்தே எழுத்துக் கற்றவன் என்பதால், மனுவில் விஷயத்தைவிட 'கனம் அங்கத்தினர் அவர்களே' அதிகமாக இருந்தது.

விசாரிக்க மெம்பரே வந்தார். அவருடைய சாப்பாடு, காப்பி எல்லாம் சர்க்கார் செலவு. தண்ணீரும் அதில் சேர்த்தி. தாசில்தார் முந்தின நாளே கடலைவிட்டுத் தள்ளியிருந்த ஓர் ஊருணியிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் தருவித்துவிட்டார். நானும் என் திறமையைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பம் என்று காப்பி போட்டேன். மெம்பர் குடித்தார். மேலே ஒரு செம்புத் தண்ணீரும் குடித்துவிட்டு, வாசலில் நின்ற எங்கள் தெருக்காரர்களிடம் சொன்னார்: "எளநி மாதிரி இருக்கு. இதுக்கு மேல என்னய்யா தண்ணி வேணும் ஒங்களுக்கு?"

மிச்சம்

தெருவே என்னைத் திட்டியது. மனைவியாவது மெச்சட்டும் என்று பீப்பாயில் மிஞ்சியதைக் குடத்தில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளும் பக்கத்து வீட்டு மரியம் பீவியும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீர் குடித்த நாக்குகள். "சப்புனுல்ல இருக்கு" என்றார் மரியம் பீவி.

நான் மனுவையே வாபஸ் வாங்கிவிடலாமா என்று யோசித்தபடி படுத்துவிட்டேன். மறுநாள் சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "குடிக்கத்தாங்க சப்புனு இருக்கு. பருப்பு பூவா வெந்திருச்சு. அந்தக் குழாய விட்றாதீக."

திரிந்த பால்

அடுத்த தடவை மெம்பர்கள் கூட்டமாகவே வந்தார்கள். பீப்பாய் வந்து நின்றது. நான் அதைத் தொடவில்லை. தெருக் கிணற்றுத் தண்ணீரில்தான் இன்றைக்குக் காப்பி என்று, நாட்டுக்காக உயிரை விடுகிறவன் மாதிரி முடிவு செய்தேன்.

பால் திரிந்து, காப்பியில் கட்டி கட்டியாக மிதந்தது. மூத்த மெம்பர் ஒரு வாய் குடித்து, துப்ப இடம் தேடி, கிடைக்காமல் விழுங்கினார். தாசில்தார் பார்த்த பார்வையில் என் வேலை அப்போதே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மெம்பர் அவர் பக்கம் திரும்பினார். "மெம்பர்கள் வந்து தங்குற எடத்துல இந்தத் தண்ணியா? மொதல்ல இங்கன ஒரு குழாயப் போடுங்க."

குழாய்

சொன்னபடியே குழாய் வந்தது. பங்களாச் சமையல்கட்டு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கூப்பிடு தூரத்தில் எங்கள் தெரு. மெம்பர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும்தான், வெளியாள் ஒரு குடம் பிடித்தாலும் காவல்காரன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று ஓவர்சியர் சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்து நான் காவலுக்கு வந்தபோது வெளியாட்கள் கேட்டருகே குடத்தோடு நின்றார்கள். முதல் ஆள் என் மனைவி. வா என்றால் வேலை போகும், போ என்றால் வீட்டுக்குப் போக முடியாது. கேட்டைத் தாழ் போடாமல் விட்டு, கயிற்றுக் கட்டிலில் படுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். மரியம் பீவி கட்டிலருகே வந்து, மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, முழிச்சிருந்தா ஒரு சத்தம் குடுங்க, திரும்பிப் போயிர்றோம்."

நிஜத் தூக்கம் என்பது எனக்கு வாய்த்ததே இல்லை, ஆனால் எங்கள் தெருவில் பருப்பு வெந்ததெல்லாம் என் பொய்த் தூக்கத்தில்தான்.