சிவப்பிக்குக் கொட்டிய சீனி

எங்கள் வீட்டில் நகைக்கு இல்லாத காவல் சீனிக்கு இருந்தது. சங்கக்கடையில் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்ததையெல்லாம் அம்மா ஒரு தகரப்பேணியில் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி, அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடித்தோம். அம்மாவின் வயிற்றிலிருந்த பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்போது, வருகிறவர்களுக்குப் பலகாரம் சுடுவதற்கான சீனி அது. எட்டு வயதுக்காரியான எனக்கு, பிறக்காத பிள்ளைமீது அப்போதே பொறாமை.

அந்த மாரியில் எங்கள் பசு சிவப்பி கன்று போட்டது. கன்றுக்குப் பின்னாலேயே கருப்பையும் வெளியே வந்து வீங்கிப்போய்க் கிடந்தது. அப்பா உள்ளே தள்ளிப் பார்த்தார். தள்ளத் தள்ள அது பெருத்ததே தவிர, போகவில்லை. எங்கள் ஊரான அக்கராயனில் மாட்டு டொக்டரும் இல்லை, மனுச டொக்டரும் இல்லை. இரண்டுக்கும் கிளிநொச்சிக்குத்தான் வண்டி கட்டவேண்டும். போய் வருவதற்குள் மாடு செத்துவிடும் என்று அப்பா கையை விரித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவின் தமையன், எங்கள் மாமா, வண்டியில் வந்து இறங்கினார். மாடுகளோடு வளர்ந்தவர். கதை விடுவதிலும் சீனி தின்பதிலும் அவரை வெல்ல ஆளில்லை. பசுவைப் பார்த்ததும், "தங்கச்சி, வீட்டிலை சீனி கிடக்கோ?" என்றார்.

"என்ன மச்சான், இந்த நேரத்திலை தேத்தண்ணியோ?" என்று அப்பா சீறினார்.

"மாட்டுக்கு. இருக்கிறதெல்லாத்தையும் கொண்டுவா."

அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு போய்ப் பேணியை அப்படியே கொண்டுவந்தார். நாலைந்து இறாத்தல் இருக்கும். மாமா கருப்பையைக் கழுவி, வெள்ளைத் துணியில் ஏந்தி, சீனியை அதன்மேல் அள்ளி அள்ளிப் பூசினார். ஒரு கரண்டி கேட்டு அடிவாங்கியவள் நான். எனக்கு அழுகை வந்தது.

சற்று நேரத்தில் சீனி நனைந்து, பாகாகி வழிந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

"எங்காலை மாமா தண்ணி?"

"வீக்கத்துக்குள்ளை இருந்த தண்ணி, பிள்ளை. சீனி அதை வெளியிலை இழுத்துப்போடும்."

வழக்கமான கதை என்றுதான் நினைத்தேன். ஆனால் கருப்பை கண்முன்னே சுருங்கிக்கொண்டு வந்தது. மாமா கையில் எண்ணெய் பூசி, கைமுட்டியால் மெல்ல மெல்லத் தள்ளினார். இம்முறை போய்விட்டது.

அவ்வளவு நேரமும் அம்மா சிவப்பியின் தலைமாட்டில் சேற்றிலேயே இருந்தார். "அண்ணை, பிழைக்குமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாமா மாட்டைப் பார்த்தபடியே "ஓம், ஓம்" என்றார். கடைசியாகக் கேட்டபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "ஒண்டும் நடக்காது. நான் வண்டியோடை இஞ்சைதான் நிப்பன்."

சொன்னபடியே நின்றார். மறுநாள் சிவப்பி எழுந்து வைக்கோல் தின்றது. ஒரு கிழமை கழிந்தும் மாமா போகவில்லை. வண்டி வாசலிலேயே நின்றது. மாடு பிழைத்துவிட்டதே, சீனியும் முடிந்துவிட்டதே, மாமா இன்னும் எதற்கு நிற்கிறார் என்று அம்மாவிடமே கேட்டேன். அம்மா ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி என் தலையைத் தடவினார். நான் கையைத் தட்டிவிட்டேன். சீனிக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.