‘நீர்த்த அமிலம்’ என்று எழுதியிருந்த பாட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என்னை ஒரு புதுக் காபிக் கடைக்கு அழைத்துப் போனார். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்குப் பக்கத்திலேயே இப்போது இப்படியொரு கடை முளைத்துவிடுகிறது. கண்ணாடிக் கோப்பையில் நீல நிறத்தில் டீ வந்தது. சங்குப்பூ டீயாம். கொண்டுவந்த பெண் எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாகி, ஊதா ரோஜா நிறமாகிவிட்டது. என் கணவர் வாயைப் பிளந்தார். நான் கோப்பையைத் தள்ளிவைத்தேன். இந்த வித்தையை எனக்கு முதலில் காட்டியவள் எஸ்தர்.

எஸ்தரும் நானும் இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருமே வேதியியல். ஆய்வகம் என்ற பெயரில் ஓர் அறை உண்டு, குழாய் உண்டு, குழாயில் தண்ணீர்தான் வராது. லிட்மஸ் தாள் வேண்டும் என்றால் தாளாளர் அடுத்த மாதம் என்பார். எஸ்தர் ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். வேலியில் படர்ந்த சங்குப்பூவைப் பறித்துவந்து வெந்நீரில் ஊறவைத்து, புளித்தண்ணி விட்டால் சிவக்கும், சோடா விட்டால் பச்சையாகும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாள். நானோ புத்தகத்தைப் பார்த்து நோட்ஸ் எழுதிப்போடுகிற ரகம். என் வகுப்பில் பிள்ளைகள் தூங்கும், அவள் வகுப்புச் சிரிப்பு என் வகுப்புவரை கேட்கும்.

ஒருநாள் ‘காரம் என்றால் என்ன?’ என்று கேட்டிருக்கிறாள். “மொளகா மிஸ்!” என்றதாம் ஒரு பெண். எஸ்தர் திட்டவில்லை. “உங்க வூட்ல பட்டுநூல எதுல போட்டு வேக வெக்கிறாங்கோ?” என்று கேட்டாள். “சோப்பும் சோடாவும் மிஸ்.” “அந்தத் தண்ணியத் தொட்டா எப்டி இருக்குது?” “வழவழன்னு இருக்குது மிஸ்.” “அதாம்மா காரம்.” நான் தறி வீட்டில் பிறந்தவள். அந்தத் தண்ணீரில் கைவிட்டே வளர்ந்தவள். எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

சேர்ந்து வேலை பார்த்த மூன்று வருஷமும் மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் டப்பாவிலிருந்து அவள் எடுத்துக்கொள்வாள். அவள் டப்பாவிலிருந்து நான் எடுத்ததில்லை. “எனக்கு வயிறு சரியில்ல” என்பேன். மூன்று வருஷமும் வயிறு சரியில்லாமலா இருக்கும்? அவள் ஒருநாளும் கேட்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. எங்கள் வீட்டில் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று பயம்.

அப்புறம் அந்த மார்ச் மாதம். மறுநாள் எஸ்தர் தன் வகுப்புக்கு, அமிலத்தோடு காரத்தைச் சேர்க்கும் நடுநிலையாக்கல் வினையைச் செய்துகாட்ட வேண்டும். அதற்கு அமிலத்தை நீர்க்கச் செய்துவைப்பது அன்று என் முறை. அடர் கந்தக அமிலம் இருந்த பெரிய ஜாடியின் மூடி உடைந்திருந்தது. மிச்சத்தை ஒரு காலி பாட்டிலில் ஊற்றிவைத்துவிட்டு, காலையில் சீக்கிரம் வந்து, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நீர்க்கச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பாட்டிலில் ‘நீர்த்த அமிலம்’ என்று லேபிள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்துதான். கிழிக்கவில்லை. அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், பூ வாங்க வேண்டும், ஓடினேன்.

வந்தவர்களுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. பேச்சு நீண்டதில் காலையில் எழ முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்து வாசலில் நுழைந்தபோது பிள்ளைகள் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

லேபிளை நம்பி எஸ்தர் அந்த அமிலத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டிருக்கிறாள். சோதனைக்குழாய்க்குள் கொதித்துச் சீறியிருக்கிறது. முன்வரிசைப் பெண்ணைப் பிடித்துப் பின்னால் தள்ளியவளுக்குத் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரமில்லை. இடது கன்னம், கழுத்து, முழங்கை. “ஊத்துங்கோ, நிறுத்தாம ஊத்துங்கோ” என்று அவளேதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கவில்லை.

மூன்றாம் வாரம் கட்டோடு வந்தாள். தாளாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். “எண்ணெயாட்டம் கெட்டியா இருக்குறதப் பாத்தே தெரியாதா? படிச்சி வந்தியா, சலுகையில வந்தியா?” என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த பாட்டில யார் எடுத்து வெச்சது?” என்றார்.

வேலை போகும் என்று நான் பயப்படவில்லை. பேசி முடித்த கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்தேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள்.

“லேப் எல்லாம் எஸ்தர் மிஸ்தான் சார் பாத்துப்பாங்க” என்றேன்.

அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம்.

ஐயம்பேட்டை இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஷேர் ஆட்டோவில் ஏறினால் போய்விடலாம். அதற்கு எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. காபிக் கடைக்குப் போய்வந்த மறுநாள் போனேன். மெயின் ரோட்டிலேயே சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தாள். முடி நரைத்திருந்தது. கன்னத்துத் தோல் ஓரிடத்தில் சுருங்கிப் பளபளத்தது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு, “வாங்க” என்றாள்.

மூன்று வருஷம் என்னை ‘இன்னாமா, வாமா’ என்றவள். அந்த ‘வாங்க’விலேயே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

“பாட்டில வெச்சது நான்தான் எஸ்தர்.”

“தெரியும். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் நீ சொல்லல?”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். அன்னிக்குப் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன். வேற ஸ்கூல்ல கேட்டேன், ஆசிட் ஊத்திக்கின டீச்சரான்னாங்கோ. அதோட கிளாஸுக்குள்ள நிக்கல.”

“மன்னிச்சிடு” என்றேன். ஜாக்கெட் வாங்க ஒரு பெண் வந்து நின்றாள். “இருங்கமா, ஓரம் அடிக்கிறது மட்டும்தான் பாக்கி” என்று எஸ்தர் அவளிடம் சொல்லிவிட்டு மிஷினை ஓட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திரும்பும் வழியில் அந்தப் பள்ளிக்கூடத்துத் தெருவில் இறங்கினேன். யாரிடமாவது போய் உண்மையைச் சொல்லி எழுதிவைத்துவிடலாம் என்று ஒரு அசட்டு நினைப்பு. பள்ளிக்கூடமே இல்லை. கோயிலுக்கு வருகிறவர்களின் வேன் நிறுத்துகிற இடமாகிவிட்டது. தாளாளர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்றாம், பதிவேடுகள் எல்லாம் எடைக்குப் போய்விட்டனவாம், எதிர்க்கடைக்காரர் சொன்னார். டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தவரிடம், “ஆபீஸ் ரூம் எந்தப் பக்கம் இருந்தது, தெரியுமா?” என்று கேட்டேன்.

“இங்க ஸ்கூல் இருந்துச்சாமா?” என்றார்.

வண்டிகளுக்கு நடுவே நடந்து நடந்து பார்த்தேன். நான் பொய் சொன்ன இடம் எது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.