டிரம்ஸ்காரர் தலை குனிந்த நேரம்

பாட்டுப் பதிவுகளைச் சீர்படுத்தும் அந்த அம்மாளுக்குப் பாம்புச் செவி. இருபது வருடமாக அடுத்தவர் இருமலையும் பெருமூச்சையும் வெட்டி எறிவதுதான் அவள் பிழைப்பு. இப்போது அவளிடம் வந்திருந்தது, முப்பது வருடம் ஆண்டவரை ராக் இசையில் பாடிய ஒரு குழுவின் கடைசிக் கச்சேரி. அதை ஆல்பமாக்க வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் டிரம்ஸ்காரர் நான்கு விநாடி தலை குனிவதை வீடியோவில் பார்த்தாள். ஜெபம் செய்கிறார் என்று கூட்டமே அடங்கிவிடுகிறது. அப்படி என்னதான் வேண்டுகிறார்? தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். டிரம்ஸுக்கு மேலே தொங்கிய மைக்கின் சத்தத்தை மட்டும் கூட்டிக் கேட்டாள்.

"ஆண்டவரே, அடுத்த பாட்டு எது? சீக்கிரம் ஞாபகப்படுத்தும்."

அடுத்த பாட்டுக்கும் அதே வேண்டுதல்தான். சிரித்து வயிறு வலித்த பிறகு அவருக்குப் போன் போட்டாள்.

"ஏண்ணே, பாட்டு லிஸ்ட் காலடியிலதானே ஒட்டியிருக்கு?"

"கண்ணாடி போட்டா வயசு தெரிஞ்சுடும்மா. எல்லாத்தையும் வெட்டிடு, மானம் போயிடும்."

வரிசையாக வெட்டிக்கொண்டே வந்தாள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் இருந்ததை மட்டும் வெட்ட மனம் வரவில்லை.

"இந்தப் பாட்டு தெரியும், ஆண்டவரே. இதுக்கப்புறம் என்ன?"