கடையில் மாட்டிய ஷ்ரக்

எங்கள் தெருவில் ஒரு பெண் உட்கார்ந்த இடத்தில் கையை அசைத்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஏதோ ஒரு கம்பெனிக்குக் கூலி வேலை பார்க்கிறாள். கோவில்பட்டியில் இதைக் குருட்டு ஊகம் என்று சொல்லிவிட முடியாது. தெருவில் பாதி வீடுகள் தீப்பெட்டி ஒட்டிய கைகளால் எழும்பியவை. என் அம்மாவின் கைகளும் அதில் சேர்த்தி. அதனால் நான் இரண்டு ஊசிகளையும் நூலையும் எடுத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள்.

"ஏட்டி, எந்தக் கம்பெனிக்குப் போடுத?"

"கம்பெனிக்கு இல்ல சித்தி. சிநேகிதிக்கு."

"அவ என்ன தருவா?"

"ஒண்ணும் தர மாட்டா."

"பெறவு எதுக்குக் கழுத்த ஒடிச்சுக்கிட்டு இருக்க?"

கேட்கப்படுபவை மூன்று வகை. கூலி என்ன என்பது முதல் வகை. இந்த வெயிலில் ஸ்வெட்டரை எவன் போடுவான் என்பது இரண்டாவது. நான் பின்னுவது கம்பளி அல்ல, பருத்தி நூல் என்று தொட்டுப் பார்க்கக் கொடுத்தாலும் அடுத்த வாரம் அதே கேள்வி வரும். மூன்றாவது கேள்வியே இல்லை, உத்தரவு: "எம் மருமகளுக்கும் ஒண்ணு போட்டுரு. நீ சும்மாதான இருக்க."

நான் சும்மா இல்லை. ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஒரு நூற்பாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நூல் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எத்தனை இழுவைக்கு அறுகிறது என்று சோதிப்பது என் வேலை. குறை இருந்தால் ஒதுக்கிவிடுவேன். நாளெல்லாம் யாருக்கென்று தெரியாத நூலைச் சோதித்துவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொண்டு பின்னுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் தெருவுக்கு விளக்கப் போனதில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த முறை நான் நினைத்துக்கொண்டு பின்னியது கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழியை. இதே ஊரில் ஒரு கடைக்காரக் குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கழுகுமலையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. அங்கே ஏ.சி. காற்று நேராக அவள் தலையில்தான் இறங்கும். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் கவுன்டரில் கையை நீட்டும்போதெல்லாம் சரிந்து விழுகிறது என்று போனில் புலம்புவாள். எனவே தேவைகளை வரிசைப்படுத்தினேன். சரியக் கூடாது. முழங்கைக்குக் கீழே இறங்கக் கூடாது, மை படும். பஸ்ஸில் கழற்றி மடித்தால் கைப்பைக்குள் அடங்க வேண்டும். முன்பக்கம் திறந்த குட்டையான மேல்சட்டை, அதாவது ஷ்ரக் ஒன்று போதும் என்று முடிவு செய்து, கத்தரிப்பூ நிறத்தில் பின்னத் தொடங்கினேன். இரண்டு முறை தோள்வரை பின்னிப் பிரித்தேன். மூன்றாவது முறைதான் மனதுக்குச் சரியாக வந்தது.

கொடுத்தபோது அவள் அதை முகத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏட்டி, எனக்குன்னு யாரும் இப்படிச் செஞ்சதே இல்ல" என்றாள். போட்டுப் பார்க்க நேரமில்லை. பஸ் வந்துவிட்டது.

பத்து நாள் போயிருக்கும். கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஒன் சட்டை அண்ணாச்சி கடைல தொங்குது. முன்னாலயே மாட்டிருக்காவ. அஞ்சாறு பேரு கேட்டுட்டுப் போனாவளாம். எனக்கு எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

அண்ணாச்சி என்பது என் தோழியின் மாமனார். வளையல், ரிப்பன், நைட்டி, பிளாஸ்டிக் பூ என்று விற்கும் ஃபேன்சி ஸ்டோர் அவருடையது. தோழிக்குப் போன் செய்தேன்.

"மாமா பாத்தாவ. நல்லாருக்கே, கடைல மாட்டுனா அந்தப் பிள்ளைக்கும் நாலு காசு வரும்லான்னு எடுத்துட்டுப் போயிட்டாவ. நான் என்ன சொல்லட்டும்? வந்து ஆறு மாசம் ஆகல."

"எனக்குன்னு ஒருத்தி போட்டதுன்னு சொல்லணும்."

"நீ சொல்லிருவ. நான் இந்த வீட்டுல இருக்கேன்."

அவள் மேல் கோபப்பட எனக்கு உரிமை இருந்தது. ஆனால் அந்த வீட்டில் வாழ வேண்டியவள் அவள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன்.

ஷ்ரக் கண்ணாடிக் கதவுக்கு மேலே, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளுக்கு நடுவில் ஹேங்கரில் தொங்கியது. கடைக்குள் இரண்டு பெண்கள் கிளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோழி பில் போடும் மேசையில் இருந்தாள். விடுமுறை நாளில் அது அவள் வேலை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாம்மா, வா. ஒன்னத்தான் நினைச்சேன்" என்றார் அண்ணாச்சி. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "நாலு பேரு ஆர்டர் சொல்லிருக்காவ. நம்பர் எழுதி வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்கிடாத."

"சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் கொக்கி வைத்த கம்பால் ஷ்ரக்கை இறக்கி மேசை மேல் விரித்தார். இரண்டு தோள்களையும் விரலால் அளந்து காட்டினார்.

"பாரு, இடது பக்கம் ரெண்டு விரக்கட்டை எறங்கி இருக்கு. போட்டுப் பாத்த பொம்பளை சொன்னா, கோணலா இருக்கு, டேமேஜ் பீஸான்னு. மொத தடவைல்லா, அப்படித்தான் இருக்கும். அடுத்தத சரியாப் போட்டுரு."

கிளிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஆமாக்கா, கோணல்தான்" என்று சான்று வழங்கினாள்.

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த இரண்டு விரல் இறக்கத்துக்காகத்தான் இரண்டு முறை பிரித்தேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுக்குக் காறை எலும்பு ஒடிந்தது. கூடியது, ஆனால் இடது தோள் தாழ்ந்தே நின்றுவிட்டது. துப்பட்டா சரிவது அதனால்தான். இதைப் பற்றி அவள் யாரிடமும் பேச மாட்டாள். துப்பட்டாவுக்கு எப்போதும் அந்தப் பக்கம் இரண்டு சேஃப்டி பின் குத்துவாள், அப்படியும் நிற்காது. இதையெல்லாம் சொன்னால் என் வேலைக்குக் கோணல் என்ற பெயர் போய்விடும். ஆனால் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பி அவள் தோளைப் பார்ப்பார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போய், அது யாருக்கானது என்று கேட்காமல், அது மற்ற யாருக்கும் பொருந்தவில்லை என்று எனக்கே பாடம் நடத்துகிறார் ஒரு மனிதர். அதுவும் அன்பாக.

"என்னம்மா பேச மாட்டேங்க? கோவமா?"

"ஆமா அண்ணாச்சி. கோவந்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொண்டார்.

தோழி மேசையை விட்டு எழுந்து வந்தாள். துப்பட்டாவில் இருந்த இரண்டு பின்களையும் கழற்றி மேசையில் வைத்தாள். ஷ்ரக்கை எடுத்து ஒரு கை, இன்னொரு கை என்று மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த கண்ணாடி முன்னால் நின்றாள். தோள் மடிப்பு இரண்டு பக்கமும் எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்தது. எங்கேயும் சுருக்கம் இல்லை. கவுன்டரில் நீட்டுவதுபோல் ஒரு முறை கையை நீட்டிப் பார்த்தாள். நகரவில்லை.

"இது கோணல் இல்ல மாமா" என்றாள். "எம் தோளு அப்படி. அவ எனக்காகப் போட்டது."

அண்ணாச்சி அவள் தோளைப் பார்த்தார், உடனே பார்வையை வளையல் ஸ்டாண்டுக்கு மாற்றிக்கொண்டார். கூச்சப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் வளையல்களை ஒழுங்குபடுத்தினார். பிறகு வியாபாரம் மேலே வந்துவிட்டது.

"சரி, அத நீயே வச்சுக்கோ. மத்தவியளுக்கு நேராவே போட்டுரச் சொல்லு."

"அவ போட மாட்டா. ஆர்டர் எடுத்தது நீங்க. நீங்களே சொல்லிருங்க மாமா."

அவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்கு ஒரு வழி பண்ணலாம்னுதான பாத்தேன்?"

"நான் வழி கேக்கலையே அண்ணாச்சி."

மருமகளும் அசையவில்லை, நானும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் போனை எடுத்து முதல் நம்பரைப் போட்டார். மறுமுனையில் எடுத்ததும் அவர் குரல் குழைந்தது.

"ஆமா தாயி, அந்தப் பின்னல் சட்டை விசயந்தான். அது இப்ப ஆகாது போலருக்கு. அந்தப் பிள்ளைக்கு ஒடம்புக்கு முடியலையாம், கையில வலியாம், பாவம்..."

ஒரு பெண் தனக்கு இஷ்டமில்லை என்று சொன்னதை அப்படியே இன்னொருவரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைவிட எனக்கு நோயைக் கொடுத்துவிடுவது சுலபமாக இருந்திருக்கிறது.

நான் மேசை மேல் சாய்ந்து, போனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"என் கை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மனசு இல்லன்னு சொல்லுங்க."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார். என் தோழி ஷ்ரக்கைக் கழற்றாமலே போய் மேசையில் உட்கார்ந்து, கிளிப் வாங்க வந்தவர்களுக்குப் பில் போட ஆரம்பித்தாள்.