கட்டிலை விற்றுவிட்டு வா

கெசியா ஆக்டன் பாதிரியாரின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி அடுப்பில் சூடேறும், இன்னொன்று கையில் இருக்கும். எழுபத்தொன்பது வயதிலும் லங்காஷையரின் அந்த நூற்பாலைத் தெருவில் அவள் மடிப்புக்கு ஈடு கிடையாது.

தொப்பியைக் கையில் பிடித்தபடி ஈனாக் ஹார்கர் உள்ளே வந்தார். ஒரு காலத்தில் துணிக்கடைக்காரர். ஏழைகளுக்கு உதவி வழங்கும் வாரியத்தில் உறுப்பினர். இப்போது கடையும் போய், மகன் வீட்டு மாடி மூலையில் கிடக்கிறார்.

"கெசியாக்கா, சௌக்கியமா?"

அவர் வாயில் அவள் பெயர் வந்ததே இன்றுதான்.

"உக்காருங்க ஐயா. ஒரே நாற்காலிதான். எண்ணிப் பாத்துக்குங்க."

எழுபது நிறைந்தவர்களுக்குப் புத்தாண்டிலிருந்து அரசாங்கம் பென்ஷன் தரப்போகிறது. ஹார்கருக்கு எழுபத்தொன்று. ஆனால் ஞானஸ்நானப் பதிவேடு தேவாலயத்தோடு எரிந்துபோயிற்று. அவர் பிறந்த வீட்டில் தொட்டில் ஆட்டிய எட்டு வயது வேலைக்காரி கெசியா. உயிரோடிருக்கும் ஒரே சாட்சி. நாளைக் காலை பென்ஷன் குழுவின் முன் அவள் வந்து அவர் வயதைச் சொல்ல வேண்டும். பென்ஷன் இல்லையென்றால் ஏழைவிடுதிதான் என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

"சும்மா குடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்கன்னு சொல்வீங்களே?"

"அது அந்தக் காலம். இது பிச்சை இல்லக்கா, உரிமை. உழைச்சவங்களுக்கு நாடு செய்ற மரியாதை."

கெசியா பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய குளிர்காலம் நினைவுக்கு வந்தது. பஞ்சுத்தூசி நெஞ்சை அடைத்து அவள் புருஷன் ஏமஸ் படுத்துவிட்டான். வாரம் இரண்டு ரொட்டி கேட்டு வாரியத்துக்குப் போனாள். விசாரிக்க வந்த ஹார்கர் இதே வாசலில் நின்று வீட்டைக் கண்ணால் துழாவினார். "கட்டில் இருக்கே. வித்துட்டு வா, அப்புறம் பாக்கலாம்."

விற்றாள். ஏமஸ் பதினோரு நாள் வைக்கோலில் கிடந்து செத்தான். ரொட்டி பன்னிரண்டாம் நாள் வந்தது.

"கட்டில வித்துட்டீங்களா ஐயா?"

"எந்தக் கட்டில்?" ஹார்கர் விழித்தார். "மகன் வீட்டுக் கட்டிலையா கேக்குற? அது அவனோடதுக்கா."

கட்டிலைப் பற்றி அவரிடம் கேட்கவே அவள் முப்பது வருஷம் காத்திருந்தாள். கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போகும், அதைப் பார்த்த பிறகு சாட்சிக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கலாம் என்றிருந்தாள். அவருக்கு நினைவே இல்லை. எத்தனை வீட்டில் எத்தனை கட்டிலோ!

கடைசிச் சட்டையை மடித்துக் கூடையில் வைத்தாள். பிறகு, நாளைக் காலை துவைக்க வேண்டிய டாக்டர் வீட்டுப் போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் ஊறப்போட்டாள்; மதியம் வரை கை ஓயாத வேலை.

"பத்து மணிக்கு அக்கா. வந்துடுவல்ல?"

கெசியா சால்வையைப் போர்த்திக்கொண்டு, கூடையை இடுப்பில் ஏற்றி, அவரைத் தாண்டி வெளியே போனாள்.