பாப்பா எத்தனை கிலோங்க?

போன வருஷக் கோடையில், திருப்பூர் நல்லூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் பத்து நாளாக ஒரே பேச்சு, கொடைக்கானல். பனியன் கம்பெனியில் ஒரு பெரிய ஆர்டர் முடிகிற நேரம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் லீவு கிடைத்திருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அப்படி அமைந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் மகளுக்கு நான்கு வயது. மேகத்தைத் தொட்டால் கை நனையுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்காகத்தான் அந்தப் பயணம்.

அதில் ஒரு சிக்கல். வெள்ளகோவிலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் பஸ்ஸில் போனாலே அவள் இரண்டு தடவை வாந்தி எடுப்பாள். நேர் ரோட்டிலேயே அப்படி என்றால் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும்? அதனால் ஒரு போரையே நடத்துகிற மாதிரி திட்டம் போட்டேன். விடிவதற்கு முன்பே கிளம்பினால் பாதி வழி தூங்கிவிடுவாள். வயிற்றில் இட்லி கூடாது, ரெண்டு பிஸ்கட் போதும். டாக்டரிடம் கேட்டு மருந்து. பிளாஸ்டிக் கவர், எலுமிச்சம்பழம், மூன்று செட் துணி. ஊருக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு குட்டி ஸ்வெட்டருக்கு நான்கு கடை ஏறி இறங்கினோம்.

பஸ் வேண்டாம், வாடகைக் கார் என்று முடிவானது. வீட்டுக்காரர் கூட வேலை பார்ப்பவர் ஒரு டிரைவரின் நம்பரைக் கொடுத்தார். நான்தான் பேசினேன். எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று கேட்டவர், அடுத்து கேட்டது இது.

"பாப்பா எத்தனை கிலோங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாலு கிலோ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. விடவில்லை அவர். "உயரம் எவ்வளவு இருக்கும்ங்க? தூங்கறப்ப தலை எந்தப் பக்கம் சாயும்ங்க?" எதற்கு என்றேன். "சும்மாதானுங்க, தெரிஞ்சு வச்சுக்கலாம்னுங்க" என்று இழுத்தார்.

நானும் வீட்டுக்காரரும் சங்கரன்கோவில் பக்கம். எங்கள் ஊரில் பேச்சு நறுக்கென்று இருக்கும். இங்கே வந்து எட்டு வருஷம் ஆகியும், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் இவருக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அதோடு, குழந்தை கடத்துகிறவர்கள் பற்றி வாட்ஸ்அப்பில் வருகிற அத்தனையையும் ஒன்று விடாமல் படிக்கிற ஆள் நான்.

"ஏங்க, பிள்ளையோட எடை அந்த ஆளுக்கு எதுக்கு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ரோட்டில் போகிற யாரையும் நம்பிவிடுவார். "வண்டி பாரம் தாங்கணும்லா" என்று சொல்லிச் சிரித்தார்.

வண்டியை முன்னாடியே பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டிரைவர் காரோடு வீட்டு வாசலுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். அமைதியான முகம். ஆனால் நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போட்டிருந்த டீ ஷர்ட்டைப் பார்த்தேன்.

வெளிர்பச்சைத் துணி. நெஞ்சில் ஒரு திமிங்கிலம். கழுத்தின் உள்பக்கம் மஞ்சள் டேப். அது எங்கள் கம்பெனி ஆர்டர். இன்னும் கப்பல் ஏறவே இல்லை, அட்டைப் பெட்டிகளில் பேக்கிங் ஆகிக்கொண்டிருந்தது. எனக்குச் செக்கிங்கில் வேலை. டியூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பீஸைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எது இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். அந்தத் திமிங்கிலத்தை இரண்டு வாரமாகக் கனவிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கடைக்கே போய்ச் சேராத சட்டை இவர் உடம்பில் எப்படி வந்தது? திருட்டுத்தான், வேறென்ன?

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ வேலை பாக்குத இடத்துல பாக்குத பார்வைய வீட்டுக்கும் கொண்டாராத. பச்சை டீ ஷர்ட் ஊர்ல ஒண்ணுதானா இருக்கு?" என்றார். ஆனாலும் என் பிடிவாதத்துக்காக வேறு கார் தேடினோம். சீசன் நேரம், ஒன்றும் கிடைக்கவில்லை. மலைக்கான இ-பாஸும் இந்தக் கார் நம்பரில் வாங்கியாகிவிட்டது. மகள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அந்த வெக்கையில் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். சரி, போகலாம், ஆனால் நான் கண்ணை மூட மாட்டேன் என்று முடிவு செய்தேன். டிரைவரின் லைசென்ஸைப் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்பினேன். லைவ் லொகேஷனும் போட்டேன். மிளகாய்ப் பொடிப் பொட்டலம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பாகவும் வெட்கமாகவும் இருக்கிறது.

மறுநாள் பயணம். தாராபுரம் தாண்டி, விடிந்த பிறகு பழனியைக் கடந்தோம். டிரைவர் அதே திமிங்கிலச் சட்டைதான் போட்டிருந்தார். என் திட்டப்படி மகள் தூங்கிக்கொண்டு வந்தாள். மலை ஆரம்பிக்கிற இடத்தில், கேட்காமலே வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் பின்பக்க டிக்கியைத் திறந்தார். என் கை பொட்டலத்துக்குப் போய்விட்டது.

அவர் எடுத்தது ஒரு குழந்தை நாற்காலி. காரின் பின்சீட்டில் வைத்து, தோளிலும் இடுப்பிலும் பட்டை போட்டுக் குழந்தையைப் பூட்டுகிற மாதிரியானது. அதன் பட்டைகளை என் மகளின் உயரத்துக்கு முன்பே அளவு பண்ணி வைத்திருந்தார்.

"பாப்பாவைக் கட்டாம நான் மலை ஏத்தறதில்லீங்க" என்றார். "போன்லயே சொன்னா, புள்ளையக் கட்டறதான்னு கோவிச்சுட்டு வேற வண்டிக்குப் போயிடறாங்க. அதான் சொல்லலீங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்குத் துணி வாங்கித் தர்ற பையிங் ஆபீஸ்காரர் ஒருத்தர் ஊரைக் காலி பண்ணிட்டுப் போறப்பக் குடுத்ததுங்க. நல்ல சீட்டுங்க."

எடை, உயரம், தலை சாய்கிற பக்கம் எல்லாவற்றுக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஒரு நல்ல மனுஷிக்கு அதோடு சந்தேகம் தீர்ந்திருக்கும். எனக்குத் தீரவில்லை. திருட்டுச் சட்டை போட்டவர் சொல்கிற எதை நம்புவது? என் மடியிலிருந்து பிள்ளையைப் பிரித்து, ஏதோ ஒரு பூட்டில் மாட்டுகிறார் என்றுதான் பட்டது. வேண்டாம், மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். "அப்படின்னா திரும்பிப் போயிடலாம்ங்க" என்று அவர் அதே மரியாதையோடு சொன்னார். என் வீட்டுக்காரர் மகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். டிரைவர் பக்கிளை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்து, திருப்தியான பிறகுதான் வண்டியை எடுத்தார்.

வீட்டுக்காரர் முன்சீட்டில். நான் பின்சீட்டில், மகளுக்குப் பக்கத்தில். வண்டி நிதானமாகப் போனது. மருந்து வேலை செய்ததில் மகள் வாந்தி எடுக்காமல் மறுபடி தூங்கிவிட்டாள். நான் மட்டும் விழித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஏதாவது நடந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த நேரத்தில் இந்தப் பக்கிளை எப்படி அவிழ்ப்பேன்?

சத்தம் வராமல் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். பக்கிள் விட்டுக்கொண்டது. மாட்டியிருப்பது போலவே பட்டைகளை அவள் நெஞ்சின் மேல் சரிப்படுத்தி, அதன் மேல் என் துப்பட்டாவைப் போர்த்திவிட்டேன்.

நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். எதிரே ஒரு பஸ், வளைவின் உள்பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றுவிட்டது, மோதவில்லை. ஆனால் என் மகள் நாற்காலியிலிருந்து நழுவி முன்சீட்டின் முதுகில் போய் விழுந்தாள். நான் பிடித்தேன், கையில் கிடைத்தது அவள் கவுனின் ஓரம் மட்டும்தான்.

வாயெல்லாம் ரத்தம். அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. டிரைவர்தான் இறங்கி வந்து அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் கழுவினார். மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேலுதடு கிழிந்து இரண்டு தையல். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தைப் பார்த்தபடி இருந்த அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, வேறென்னவெல்லாம் ஆகியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளியே குழாயடியில் டிரைவர் தன் சட்டையில் பட்ட ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தத் திமிங்கிலத்தைச் சரியாகப் பார்த்தேன். அதற்குக் கண் இல்லை. எங்கள் ஆர்டரில் ஒரு கறுப்புக் கண் உண்டு, அதன் மேல் ஒரு வெள்ளைப் புள்ளியும் உண்டு.

இந்தச் சட்டை ஏது என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுக்காரி பிரிண்டிங் பட்டறைல வேலைங்க. முதல்ல அடிச்சுப் பாக்கறப்ப சரியா விழாத துண்டை அவங்க முதலாளியே எடுத்துக்கச் சொல்லிடுவாருங்க. கழுத்துக்கு யாரோ மிச்ச டேப் குடுத்தாங்களாம். அவளே ஊட்டு மிசின்ல தெச்சதுங்க" என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "சட்டை கெடக்குதுங்க. அந்தப் பக்கிள் எப்படிங்க விட்டுச்சு? நான் இழுத்துப் பாத்துத்தானுங்களே மாட்டுனேன். என் தப்புங்க. மன்னிச்சுக்கோங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வேறு, "விடுங்க அண்ணாச்சி, பழைய சீட்டு, என்ன செய்ய முடியும்" என்று அவரைத் தேற்றினார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் நிஜமாகவே மேகம் ஜன்னல் வரை வந்தது. மகள் வீங்கிய உதட்டோடு கையை நீட்டி, நனையுது நனையுது என்றாள். பத்து நாள் திட்டம் போட்டது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். எனக்கு அதைப் பார்க்க மனசு இல்லை. கீழே கார் நிற்கும் இடத்தில் டிரைவர் அந்த நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கிளை மாட்டுவதும் இழுப்பதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை கிளம்பும்போது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லீங்க, நாளைக்கு வால்பாறைக்கு நான் வரலீங்க. ரெண்டு வயசுப் புள்ளைங்கறீங்க. சீட்டு சரியில்லீங்க, நம்ப முடியல. வேற வண்டி பாத்துக்கோங்க." போனை வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து நாற்காலியில் குறுக்காகக் கட்டப் பார்த்தார். என் மகளுக்காக.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பக்கிள் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அவுத்துவிட்டேன்" என்றேன்.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"தெரியாம கைபட்டுருச்சுங்களா?" என்று கேட்டார் டிரைவர். தப்பித்துக்கொள்ள அவரே ஒரு வழி கொடுத்தார். இல்லை, வேண்டுமென்றுதான் என்றேன். "ஏனுங்க?" என்றார். எடை கேட்டதையும், சட்டையைப் பார்த்துத் திருடன் என்று நினைத்ததையும், உங்களை நம்பவில்லை என்பதையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் பக்கிளைக் கையில் எடுத்தார். ஒரு தடவை மாட்டினார். அவிழ்த்தார். அப்புறம் போனை எடுத்து அந்த வால்பாறைக் குடும்பத்தைக் கூப்பிட்டார். "வந்துடறேனுங்க. சீட்டு நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும்.

"இப்ப நம்பறீங்களாங்க?" என்று கேட்டார். "மலை இறங்கோணும். அதுக்காகத்தான் கேக்கறேன்."

தலையை ஆட்டினேன். "அப்ப நீங்களே மாட்டி உடுங்க" என்று துண்டை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். என் கையால் மாட்டினேன், இழுத்துப் பார்த்தேன். பழனி வரும் வரை அந்தப் பக்கிளின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

மகளின் மேலுதட்டில் இன்றைக்கும் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால், டிரைவர் மாமா பிரேக் போட்டுட்டாங்க என்று அவள் சொல்லுவாள். நான் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வந்து, "இல்ல, அம்மாதான் பெல்ட்ட அவுத்துவிட்டேன்" என்று கேட்டவர் முன்னாலேயே திருத்துகிறேன். ஒவ்வொரு தடவையும் கூசத்தான் செய்கிறது. ஆனாலும் என் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது என் தப்பை இன்னொருவர் தலையில் விழவிடுவது, எனக்கு அந்த மலையைவிடப் பயமாக இருக்கிறது.