சண்முகவடிவு அக்காவின் கண் பரிசோதனை

"இது எத்தன? வெரசா சொல்லுடா, பெரட்டுக்கு நேரமாச்சு."

லயத்து வீட்டு வாசலில் நின்று மகன் கிஷாந்தின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டுகிறார் சண்முகவடிவு அக்கா. "நாலு" என்கிறான் அவன். அதற்குப் பிறகுதான் கொழுந்துக் கூடை தலையில் ஏறும்; துரை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார். கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அதே லயத்தின் அடுத்த அறையான காம்பராவில் இருந்து மூன்று வருடமாக இதைப் பார்க்கிறேன். ஒரு நாள்கூட அவர் தவறவிட்டதில்லை.

மண்ணெண்ணெய்க்கு இரண்டு நாள் வரிசையில் நின்றவர் அவர். ஆட்சியை விரட்ட வேண்டும் என்று டவுனில் தட்டைக் கரண்டியால் தட்டிக் கத்தியவர். கிஷாந்தைக் கொழும்புப் போராட்டத்துக்கு பஸ் ஏற்றிவிட்டவரும் அவரேதான். அங்கே கூட்டத்தைக் கலைத்தபோது அவனது இடது கண்ணில் ஏதோ பட்டது. என்ன பட்டது, யார் எறிந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆட்சியாளர் போனார். அந்தக் கண்ணும் போனது. காயம் வலது கண்ணையும் கெடுக்கலாம், பார்வையை விடாமல் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதற்குத்தான் இந்த விரல்கள்.

இப்போது அக்காவின் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், விரட்டப்பட்ட அந்த ஆட்சியாளரின் பழைய காலண்டர் தொங்குகிறது. தேதிகள் எல்லாம் கிழிந்து முகம் மட்டும் மிச்சம். ஒரு நாள் அதைக் காட்டி, தோட்டத்துத் துரையைச் சொல்வதுபோலவே அக்கா சொன்னார்.

"தொரைய வெரட்டிப்புட்டோம் தம்பி. இனி பெரட்டு பாக்க யாரு இருக்கா? அவரு ஒரு சத்தம் போட்டா நாடே நிக்கும்ல?"

என் வாய் சும்மா இருக்காது. "வரிசையில நின்னது மறந்து போச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவரு இருந்தப்ப எல்லாம் இருந்துச்சு. இவனுக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு கேட்டதற்கே வெட்கப்பட்டேன். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த கிஷாந்த் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பேச்சை அவன் தினமும் கேட்கிறான்.

நேற்றுக் காலை பனி இல்லை, நல்ல வெயில். அக்கா மூன்று விரல் நீட்டினார். கிஷாந்த் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான்.

"ரெண்டு."

அக்கா என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சரிதான்டா" என்றார். நீட்டிய கையை இறக்காமலே ஒரு விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.